முழங்காலின் பின்கட்டு

சோழவந்தான் என்றதும் வைகைப் பாசன வயல்களும், 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையும் நினைவுக்கு வரும். அவ்வெற்றிலையை வளர்ப்போர் கொடிக்காலில் குந்தியும் நிமிர்ந்தும், ஏணியில் ஏறியும் இறங்கியும் உழைக்கின்றனர். நெசவாளரோ குழித்தறியில் அமர்ந்து மிதிகளை மாறி மாறி அழுத்துகின்றனர். தொழில் வேறாயினும் இரு சாராரும் நம்பியிருப்பது முழங்காலையே. "முட்டிக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது" என்னும் முறையீட்டைச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது கேட்கிறோம். ஆதலின் அவ்விடத்தின் அமைப்பை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தொடையெலும்பின் உருண்ட இரு முனைகள், கீழ்க்காலெலும்பின் ஏறக்குறையத் தட்டையான தலைமீது அமர்ந்துள்ளன. எலும்பின் வடிவம் மட்டும் இம்மூட்டை நிலைநிறுத்தப் போதாது. வெற்றிலைக் கொடியை அகத்தியோடு நாரால் கட்டுவதுபோல, எலும்பை எலும்போடு பிணைப்பவை தசைநார்கள். இவற்றையே மக்கள் 'ஜவ்வு' என வழங்குகின்றனர்.

மூட்டின் நடுவே இரு தசைநார்கள் பாவும் ஊடையும்போல் குறுக்கிட்டுச் செல்கின்றன. முன் குறுக்குநார், கீழ்க்காலெலும்பு முன்னோக்கி நழுவாமல் காக்கிறது. பின் குறுக்குநார், அது பின்னோக்கி நழுவாமல் காக்கிறது. இரண்டனுள் பின்னதே தடித்தது.

மூட்டின் பின்புற உறையை மேலும் இரு நார்கள் வலுப்படுத்துகின்றன. தொடையின் பின்தசை ஒன்றன் நாணிலிருந்து பிரிந்து, உட்புறமிருந்து வெளிப்புறமாக மேலேறுவது சாய்நார். கீழ்க்காலின் வெளிப்புறச் சிற்றெலும்புத் தலையிலிருந்து வில்போல் வளைந்து ஏறுவது வில்நார். கால் அளவுக்கு மீறிப் பின்னோக்கி வளையாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்க இவை துணைசெய்கின்றன.

வில்நாரின் அடியில் ஒரு சிறு தசை உண்டு. காலை முற்றிலும் நீட்டி நிற்கும்போது மூட்டு சற்றே திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. மீண்டும் மடக்கத் தொடங்குகையில் அப்பூட்டைத் திறக்கும் சாவி இத்தசையே.

இக்கட்டுக்கு மிக அருகில் காலுக்கு உயிரூட்டும் பெரிய இரத்தக்குழாயும் நரம்பும் செல்கின்றன. மடங்கிய முழங்கால் தரையில் மோத விழுந்தாலும், இருசக்கர வண்டி விபத்தில் முன்புறம் அடிபட்டாலும் பின் குறுக்குநார் கிழியக்கூடும். மூட்டே விலகினால் இரத்தக்குழாயும் சேதமுறலாம். அடிபட்டபின் பாதம் குளிர்ந்தாலோ, வெளிறினாலோ, உணர்விழந்தாலோ ஒரு கணமும் தாமதிக்கலாகாது. இரத்த ஓட்டம் ஆறு முதல் எட்டு மணி நேரத்திற்குள் சீராகாவிடில் காலையே இழக்க நேரிடும். கட்டுப் போடவும் எண்ணெய் தேய்க்கவும் அலைந்து அந்நேரத்தை வீணாக்காமல், 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனை சேர்தலே அறிவுடைமை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை தொலைவில் இல்லை.

அடிபடாமலே முழங்காலின் பின்னே வீக்கம் கண்டாலும் அதைப் பிசைந்து விடுதல் கூடாது. அது மூட்டுநீர் தேங்கிய கட்டியாகவும் இருக்கலாம். குழாயில் இரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். பின்னதாயின், உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஆபத்தாகும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வெம்மையும் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்டுக.

அன்றாடக் காப்போ எளிது. தறியிலிருந்து இடையிடையே எழுந்து சிறிது நடத்தல், நெடுநேரம் ஒரே நிலையில் குந்தாதிருத்தல், ஏணியை உறுதியான நிலத்தில் ஊன்றுதல், தொடைத்தசைக்குப் பயிற்சி தருதல் ஆகிய இவற்றுக்குப் பணச்செலவில்லை. பழுதான தறியைச் சங்கக் கடனால் புதுப்பிக்கலாம். அதை இயக்கும் காலை அவ்வாறு பெற இயலாது. உழைப்பாளிக்கு உடலே முதலீடு. அதைப் பேணுதல் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.