மறுப்பின் எல்லை: அளவையியலும் சமூகக் கூற்றுகளும்

‘தலவிலக் கரையில் கரைவலை இழுப்போர் எல்லோரும் வலைக்கு உடைமையாளர்’ என ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். இதனை மறுக்க முனையும் முற்போக்காளர் பலர் ‘எவருமே உடைமையாளர் அல்லர்’ என்று விடையிறுப்பர். அளவையியல் நோக்கில் இது மறுப்பன்று, மறுதலை. முதற்கூற்று நிறைவிதி. அதன் மறுப்பு, ‘இழுப்போருள் ஒருவரேனும் உடைமையாளர் அல்லர்’ என்னும் குறைமறை மாத்திரமே. கூற்றும் அதன் மறுப்பும் ஒருங்கே பொய்யாதல் இயலாது; மறுதலைகள் இரண்டும் ஒருங்கே பொய்யாகலாம். வலையுடைய சம்மாட்டியும் பங்குக்கு உழைப்போரும் ஒரே கயிற்றைப் பிடித்திழுக்கும் கரையில் ‘எல்லோரும்’ என்பதும் பொய், ‘எவருமே’ என்பதும் பொய். வர்க்க வேறுபாடு என நாம் தேடுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே உள்ளது.

தமிழ்த் தொடரமைப்பும் இம்மயக்கத்துக்கு இடமளிக்கிறது. தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழாவுக்கு ‘எல்லோரும் போகவில்லை’ எனின், ஒருவரும் போகவில்லை என்பதா, சிலர் போகாது நின்றனர் என்பதா? மறுப்பு வினையோடு ஒட்டி நிற்பதால் அதன் ஆட்சி எதுவரை என்பது புலனாவதில்லை. ‘எல்லோருமே போய்விடவில்லை’ என்றால் ஐயம் நீங்கும்.

‘எல்லாம்’ என்பதை வீழ்த்த ஓர் எடுத்துக்காட்டே போதும். கணிதத்தில் இதற்குப் புகழ்பெற்ற சான்றுண்டு. 3, 5, 17, 257, 65537 எனத் தொடரும் எண்கள் யாவும் பகா எண்களே என ஃபெர்மா கருதினார். அடுத்த எண்ணாகிய 4294967297, 641 ஆல் வகுபடும் என 1732 இல் ஒயிலர் காட்டினார். கூற்று வீழ்ந்தது, முதல் ஐந்தும் பகா எண்களாகவே நின்றன. ‘சிலர் உடைமையாளர்’ என்பதை மறுப்பதோ கடினம்: அதற்குக் கரை முழுவதையும் விசாரித்தல் வேண்டும்.

கூட்டுக் கூற்றுகளின் மறுப்பு, மதுரையில் 1806 இல் பிறந்த டி மோர்கனின் பெயரால் வழங்குகிறது. ‘படகும் வலையும் அவனுடையவை’ என்பதை மறுத்தால், இரண்டில் ஒன்றேனும் அவனுடையதன்று என்பதே கிடைக்கும். இரண்டுமற்றவன் என்பது பெறப்படாது.

இவ்வளவையியல் மறுப்பை இயங்கியலின் நிலைமறுப்போடு குழப்புவோர் நம்மிடையே உளர். மறுப்பை மறுத்தால் அளவையியலில் பழைய கூற்றே மீளும். எங்கெல்ஸ் ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் காட்டும் வாற்கோதுமை மணியோ பயிராகிப் பன்மடங்கு மணிகளாகிறது. முன்னது கூற்றைப் பற்றியது; பின்னது பொருளின் மாற்றத்தைப் பற்றியது. அவரது அட்சரகணித எடுத்துக்காட்டு நமக்கு அத்துணை பொருத்தமாகப்படவில்லை. எதிர்க் கணியத்தைத் தன்னாலேயே பெருக்கி நேர்க் கணியம் பெறுதல் பெருக்கலேயன்றி, இரு பொருளிலும் மறுப்பன்று.