இடிக்காமலே புதுசாக மாறிய போர்ட் ஆபீஸ்!

மாட்டுங்காவில் இருந்தும் செம்பூரில் இருந்தும் காலை ரெயிலைப் பிடித்து, போர்ட் பகுதி ஆபீஸ்களில் வேலை பார்த்த தமிழர்கள் ஏராளம். டைப்பிஸ்ட், ஸ்டெனோ, கணக்கர் என்று இரண்டு மூன்று தலைமுறை அங்கே உழைத்து இருக்கிறது. அந்தக் கட்டிடங்களில் பலவற்றுக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

வயதான ஆபீசை என்ன செய்வது? இடித்துவிட்டுக் கண்ணாடி மாளிகை எழுப்புவதா? வெள்ளை அடித்துவிட்டுக் காலத்தை ஓட்டுவதா?

இரண்டும் வேண்டாம் என்று மூன்றாவது வழியில் போனது ஒரு கட்டிடம். போர்ட், ஹோம் தெருவில் இருக்கும் கோத்ரெஜ் பவன்தான் அது. ஆம், நம் வீட்டு பீரோவில் பெயர் இருக்குமே, அதே கோத்ரெஜ்!

ஏ.சி.தான் எமன்

கோத்ரெஜ் பவன் 1972-ல் கட்டப்பட்டது. மின்சாரம் மலிவாகக் கிடைத்த காலம் அது. பிறகு கட்டணம் ஏறியது. ஏ.சி. எந்திரமும் கிழடு தட்டியது. 2010-ல் நிர்வாகம் வேலையில் இறங்கியது. சுவர் நின்றது, தளம் நின்றது. உள்ளே மின்சாரத்தை விழுங்கும் சாதனங்கள் மாறின. முதல் இடம் ஏ.சி.க்கு, அடுத்தது விளக்குகளுக்கு.

பெரிய ஆபீஸ்களில் மின்சாரத்தை அதிகம் குடிப்பது ஏ.சி.தான். வெளியே மே மாத வெயிலில் மும்பை வேர்த்துக் கொட்டும். உள்ளே குமாஸ்தா ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார்! இந்தக் கூத்து இன்றும் பல ஆபீஸ்களில் நடக்கிறது. குளிரை ஒரு டிகிரி குறைத்து வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 24 டிகிரியில் வையுங்கள் என்று 2018-ல் அது யோசனை கூறியது.

விளக்கின் கணக்கு இன்னும் எளிது. பழைய 40 வாட் டியூப்லைட், சோக்கையும் சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதே வெளிச்சத்தை எல்.இ.டி. குழல் 20 வாட்டில் தருகிறது. ஆனால் ஜன்னலை பைல் அலமாரியால் அடைத்துவிட்டுப் பட்டப்பகலில் விளக்கு எரிக்கும் ஆபீசுக்கு எல்.இ.டி. மட்டும் போதாது. அலமாரியையும் நகர்த்த வேண்டும். அதற்குச் செலவே கிடையாது!

கோத்ரெஜ் பவனில் செலவு சுமார் 54 லட்சம் ரூபாய். மின்சாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. போட்ட பணம் ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும் என்று 2013-ல் வெளியான ஆய்வு கூறியது. பிரமாதமான சேமிப்பு என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் கட்டிடத்தை இடித்திருந்தால் எத்தனை லாரி சிமெண்டு, எத்தனை டன் இரும்பு புதிதாக வேண்டியிருக்கும்! அந்தச் செலவு மின்சார பில்லில் தெரியாது.

நியூயார்க்கிலும் இதே கதை. 1931-ல் கட்டிய 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் 6,514 ஜன்னல்கள். 2009-ல் தொடங்கிய புதுப்பிப்பின்போது பழைய கண்ணாடியை எறியவில்லை. அந்தக் கட்டிடத்துக்கு உள்ளேயே பட்டறை போட்டு, கண்ணாடிகளைக் கழற்றி, வெப்பம் தடுக்கும் படலம் சேர்த்துத் திரும்ப மாட்டினார்கள்.

யாருக்கு லாபம்?

அப்படியானால் மற்ற ஆபீஸ்கள் ஏன் செய்யவில்லை? கோத்ரெஜ் பவனில் சொந்தக்காரரே குடியிருப்பவர். வாடகை ஆபீஸ்களில் நிலைமை வேறு. எந்திரத்தை மாற்ற வேண்டியவர் கட்டிட உரிமையாளர். பில் கட்டுகிறவர் வாடகைதாரர். ஒருவர் செலவழித்து இன்னொருவர் லாபம் அடைய யார் சம்மதிப்பார்?

மிச்சமாகும் மின்சாரத்தில் செம்பூர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. போர்ட்டில் எரியும் விளக்குக்கு ஒயர் 'பெஸ்ட்' நிறுவனத்தினுடையது. மின்சாரத்தில் பெரும் பகுதி டாடாவிடம் இருந்து வருகிறது. டாடாவின் டிராம்பே அனல்மின் நிலையம் இருப்பது செம்பூரை அடுத்து. அங்கே 500 மெகாவாட் எந்திரம் ஓடத் தொடங்கியது 1984-ல். போர்ட்டில் வீணாகும் குளிருக்கு நிலக்கரி எரிவது இங்கே. சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை எல்லாம் சூழ்ந்த ஊர், அதன் மூச்சில் இதுவும் சேருகிறது.

கழிவு போகும் இடம்

இனி, யாரும் அதிகம் பேசாத விஷயம். ஒரு பெரிய ஆபீசைப் புதுப்பித்தால் நாற்காலி, ஒயர், கம்ப்யூட்டர் பெட்டி, டியூப்லைட், பொய்க்கூரை என்று வண்டி வண்டியாகக் கழியும். சாமான்கள் பழைய இரும்பு வியாபாரி கை மாறி, பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி தாராவி 13-ம் காம்பவுண்டுக்கு வரும். அங்கே நிறம் வாரியாகப் பிரித்து, அரைத்து, கழுவி, கூரை மேல் காய வைத்து, உருக்கிக் குருணை ஆக்குகிறார்கள். குருணை மறுபடி வாளியாகும், நாற்காலியாகும்.

பசுமைச் சான்றிதழ் ஆபீசின் வரவேற்பு அறையில் தொங்குகிறது. உருக்கும் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளி அதில் வருவது இல்லை. முகமூடி, கையுறை கூட இல்லாமல் வேலை செய்கிறவர்கள் பலர். பழைய டியூப்லைட்டில் பாதரசம் உண்டு, உடைந்தால் ஆபத்து. மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டும் என்று 2022-ல் வந்த விதி சொல்கிறது. புதுப்பிக்கும் காண்டிராக்டில், எந்தச் சாமான் யாரிடம் போகிறது, எடுக்கிறவருக்கு என்ன பாதுகாப்பு என்று இரண்டு வரி சேர்ப்பது கம்பெனிக்குப் பெரிய காரியம் இல்லை.

தாராவியே இப்போது மறுசீரமைப்பில் இருக்கிறது. புதிய தாராவியில் இந்தப் பிரிக்கும், அரைக்கும் பட்டறைகளுக்கு எங்கே இடம் என்று 13-ம் காம்பவுண்டில் கேட்கிறார்கள்.