லொறியின் 'போர்ட்' போய்விட்டதா?

எமது தோட்டங்களில் சொந்தமாக லொறி வைத்திருக்கும் குடும்பங்கள் இப்போது ஆங்காங்கே உண்டு. அப்பாவின் ஊழியர் சேமலாப நிதிப் பணம், அம்மாவின் சீட்டுக்காசு, மிச்சத்துக்கு லீசிங் என்று ஒரு பழைய லொறியை வாங்கி, கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு கீழ்நாட்டுக்குப் போய் வருகிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2024 இறுதியிலிருந்து படிப்படியாகத்தான் திரும்பத் திறக்கப்பட்டது. ஆகவே கையில் இருக்கும் பழையதைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர எம்மவர்க்கு வேறு வழி இருக்கவில்லை. அப்படி ஓட்டும்போது கராஜில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல்தான் 'போர்ட் போயிட்டு' என்பது. அது என்ன போர்ட், அது உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது, மாற்றுவதென்றால் எப்படி மாற்றுவது என்பதை இம்முறை எழுதுகிறோம்.

அந்தக் காலத்துக் கொழுந்து லொறியில் இந்தச் சங்கடம் இல்லை. சுவிட்சைப் போட்டால் கரண்ட் ரிலே வழியாக நேரே லைட்டுக்குப் போகும். பிறகு வந்த வாகனங்களில் சுவிட்ச் நேரே லைட்டை எரிப்பதில்லை. டேஷ்போட்டுக்குக் கீழே உள்ள ஒரு பெட்டிக்குச் செய்தி மட்டும் சொல்லும். பெட்டிதான் ஹெட்லைட், சிக்னல், வைப்பர், ஹோன், கதவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் கரண்டைத் திறந்துவிடும். பல வாகனங்களில் சாவியை அடையாளம் காண்பதிலும் இதற்குப் பங்குண்டு. இதன் முழுப்பெயர் பொடி கொன்ட்ரோல் மொடியூல். என்ஜினைக் கவனிக்கும் பெட்டி வேறு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள் வழியாக. ஜேர்மனியின் பொஷ் கம்பனி 1986இல் அறிமுகப்படுத்திய முறை அது. கணக்கப்பிள்ளை ஒருவரே எல்லாப் பெயரையும் பதிந்து வேலை பிரித்துக் கொடுப்பதுபோலத்தான் இந்தப் பெட்டி. அவருக்குக் காய்ச்சல் என்றால் மலை முழுவதும் குழப்பம்.

நாம் நேரில் பார்த்த ஒரு சம்பவம். அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றின் தம்பி ஒருவர் மரக்கறி ஏற்றிக்கொண்டு பெரகலை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் வழியாகக் கல்முனைக்குப் போய் வருபவர். திரும்பும்போது வெறும் லொறியாக வருவானேன் என்று ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றி வருவார். ஒரு மாதமாக லொறி பேய் பிடித்ததுபோல் நடந்துகொண்டது. வலது பக்கச் சிக்னலைப் போட்டால் வைப்பர் ஒருமுறை ஆடும். யாரும் தொடாமல் ஹோன் அடிக்கும். கொஸ்லந்தை வளைவில் ஒரு தரம் ஹெட்லைட் இரண்டும் அணைந்து, கைபேசி வெளிச்சத்தில் லொறியை ஓரங்கட்டியிருக்கிறார்.

அவர் போன முதல் கராஜில் மீட்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை. 'போர்ட் போயிட்டு' என்று சொல்லி, வேறொரு லொறியில் கழற்றிய பெட்டியைப் பூட்டினார்கள். லொறி ஸ்டார்ட்டே ஆகவில்லை. பெட்டிக்குச் சாவியைத் தெரியாது, அதுதான் காரணம். திரும்பப் பழைய பெட்டியையே பூட்டி அனுப்பினார்கள். காசு போனது போனதுதான். அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருந்தது.

அடுத்த கல்முனைப் பயணத்தில் நாமும் கூடப் போனோம். சாய்ந்தமருதைத் தாண்டிக் கல்முனைக்குடிக்குள் நுழையும்போதே சிக்னல் முழுதாக நின்றுவிட, கடற்கரைப் பள்ளிப் பக்கம் வயரிங் வேலை செய்யும் ஒருவரைக் காட்டினார்கள். 'நானா' என்று கூப்பிட்டார் தம்பி. (எங்கள் பக்கத்தில் நானா, அங்கே காக்கா என்றால்தான் சட்டென்று திரும்புகிறார்கள்.) அவர் பெட்டியைத் தொடவில்லை. முதலில் கேட்டது, "தம்பி, இதுல மீன் ஏத்துறயா?"

2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த ஊர் அது. உப்புநீரில் மூழ்கி எழுந்த வாகனங்களைப் பிரித்துப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. கெபினுக்குப் பின்னால் குனிந்து, செசியில் எர்த் வயர் பூட்டியிருக்கும் போல்டைக் காட்டினார். போல்ட் இருந்த இடத்தில் துருக்கட்டிதான் இருந்தது. "மீன் தண்ணி வடிஞ்சு வடிஞ்சு திண்டிருக்கு. பெட்டி என்ன செய்யும் பாவம்?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெட்டரியில் இருந்து புறப்படும் கரண்ட் பல்பை எரித்துவிட்டு, லொறியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் பெட்டரிக்குத் திரும்பிப் போகிறது. அந்தத் திரும்பும் பாதைதான் எர்த். பாதை அடைபட்டால் கரண்ட் சும்மா நிற்காது. அடுத்த பல்பின் வயருக்குள் புகுந்து சுற்றிப் போகப் பார்க்கும். சிக்னலோடு சேர்ந்து பின் லைட்டும் மினுக்கினால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிக்னல் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் அது வேறு கதை. ஒரு பல்ப் எரிந்து போயிருக்கும், அல்லது கரண்ட் குறைவாகக் குடிக்கும் எல்.ஈ.டி. பல்ப் போட்டிருப்பீர்கள்.

வீட்டில் ஒரு சாதாரண மீட்டர் இருந்தால் இதை நாமே பார்க்கலாம். இரண்டு பெட்டரி பூட்டிய 24 வோல்ட் லொறியில், என்ஜின் நிற்கும்போது 25 வோல்ட்டுக்குச் சற்று மேலும், ஓடும்போது 27 முதல் 28½ வரையும் காட்ட வேண்டும். 24க்குக் கீழே என்றால் பெட்டரியையும் டைனமோவையும் பாருங்கள். வோல்ட் குறைந்தாலே பெட்டி உளற ஆரம்பிக்கும். பிறகு லைட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை 24 வோல்ட்டுக்கான நெகட்டிவ் முனையிலும் மறுமுனையைக் கெபின் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு இருக்கிறது. எமது தம்பியின் லொறியில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

எர்த்தைச் சுரண்டிப் புது போல்ட் போட்டுக் கிரீஸ் பூசியதும் வைப்பர் ஆட்டமும் ஹோன் சத்தமும் அன்றே நின்றன. ஆனால் இடது ஹெட்லைட் மட்டும் வரவில்லை. அப்போதுதான் அவர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். முன்கண்ணாடி ரப்பர் வெடித்து, மழைத்தண்ணீர் வயர் வழியாக இறங்கிப் பிளக்குக்குள் போயிருந்தது. உள்ளே பச்சைக் களிம்பு. போர்டில் ஒரு செப்புக் கோடு அரித்துப் போயிருந்தது. ரிலே மட்டும் ஒட்டிக்கொண்டதாக இருந்திருந்தால் ரேடியோ திருத்துபவரே ஈயம் வைத்துச் சரி செய்திருப்பார். இது அந்த நிலையைத் தாண்டியிருந்தது. ஆக, பெட்டியில் பழுது இருந்ததும் உண்மைதான். ஆனால் எர்த்தைப் பார்க்காமல் புதுப் பெட்டி பூட்டியிருந்தாலும் லொறியின் பேய்க்கூத்து நின்றிராது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. பெட்டியில் ஒட்டியுள்ள எண் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது போதாது. கழற்றுமுன் பெட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுங்கள். பிளக்குகளைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பூட்டை அமுக்கி இழுக்க வேண்டுமே தவிர வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பெட்டியைத் தொடுமுன் வெறும் இரும்பை ஒரு தரம் தொட்டால், உடம்பில் உள்ள மின்னேற்றம் இறங்கிவிடும். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் புதுப் பெட்டியைப் பூட்டுவது காசைக் கடலில் போடுவதாகும். தம்பியின் லொறிக்குக் கண்ணாடி ரப்பரைத்தான் முதலில் மாற்றினார்கள்.

பூட்டினதோடு வேலை முடியாது. அந்த லொறிக்கு என்னென்ன பூட்டியிருக்கிறது, எந்தச் சாவி அதனுடையது என்று பெட்டிக்குக் கம்பியூட்டர் கருவியால் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்கென்று கருவியோடு ஒருவரை அழைத்தார்கள். பல வாகனங்களில் சாவியைப் பதியும்போது பழைய பதிவு எல்லாம் அழிந்துவிடும். அப்போது கையில் இல்லாத சாவி பிறகு வேலை செய்யாது. எமது தம்பியின் இரண்டாவது சாவியோ அப்புத்தளையில் அம்மாவின் அலுமாரிக்குள்! கடைசியில் ஒரு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பி, அது வந்து சேர மறுநாள் மாலையாயிற்று. அந்த ஒரு நாள் வாடகை நட்டம். நீங்கள் போகும்போது எல்லாச் சாவியையும் எடுத்துப் போங்கள். பழைய பெட்டி வாங்குவதானால் அது உங்கள் லொறிக்குப் பதிய முடியுமா என்று பதிபவரிடமே கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

தோட்டத்து லொறிகளில் நாம் காணும் இன்னொரு வழக்கம் வெல்டிங். தட்டி உடைந்தால் பெட்டரியைக் கழற்றாமலே அங்கேயே ஒட்டுவார்கள். அந்தக் கரண்ட் எர்த் பாதையில் ஓடி நல்ல பெட்டியையும் கொன்றுவிடும். பெட்டரி வயரை எடுத்து, பெட்டியின் பிளக்கையும் கழற்றி, வெல்டிங் எர்த்தை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்டச் சொல்லுங்கள். பியூஸ் போனால் சிகரட் பெட்டித் தாளைச் சுற்றுவதும் வேண்டாம். அதில் பெட்டி மட்டுமல்ல, கெபினே எரியும்.

மீன் ஏற்றுகிறவர்கள் தட்டின் கீழே தண்ணீர் வெளியே போக ஒரு குழாய் வைத்து, வீடு வந்ததும் செசியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். அந்தத் தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறார். எர்த் போல்டை மாதம் ஒருமுறை தொட்டும் பார்க்கிறார். தோடு இன்னும் மீளவில்லை, இன்னும் இரண்டு தவணை இருக்கிறதாம். கராஜில் பெட்டி மாற்றினால் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்தவர்கள் நீங்கள், அது உங்களுடையது.