பழைய பைக்கை பேட்டரி பைக்காக மாத்தலாமா? ஒரு லட்சத்தை இறக்கும் முன் கணக்கு பாருங்க!

காஞ்சிபுரம்,

காலை ஷிப்டுக்காக வாலாஜாபாத் வழியாக ஒரகடம் கம்பெனிகளை நோக்கி பறக்கும் பைக்குகளில் பழைய 'ஸ்பிளெண்டர்'களுக்கு குறைவே இல்லை. காஞ்சிபுரத்தில் இருந்து போய்வர தினமும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை தாண்டியதில் இருந்து, "இந்த வண்டியையே பேட்டரிக்கு மாத்திட்டா என்ன?" என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது. மாற்றலாம், அதற்கு சட்டத்திலும் இடம் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் லாபம் கிடையாது. தப்பான இடத்தில் மாற்றினால் பணமும் போய், ஆர்.சி. புக்கும் செல்லாக்காசாகிவிடும்.

என்னென்ன மாற்றுவார்கள்?

பைக்கில் உள்ள என்ஜின், கார்புரேட்டர், சைலன்சர் மூன்றையும் கழற்றி விடுவார்கள். பின்சக்கரத்துக்குப் பதில், நடுவிலேயே மோட்டார் வைத்த சக்கரம் மாட்டப்படும். இதற்கு 'ஹப் மோட்டார்' என்று பெயர். என்ஜின் இருந்த இடத்தில் லித்தியம் பேட்டரி உட்காரும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதை 'கன்ட்ரோலர்' பார்த்துக் கொள்ளும். ஹெட்லைட், ஹாரனுக்கு 12 வோல்ட் போதும் என்பதால், பேட்டரி கரண்டை குறைத்துக் கொடுக்க தனியாக ஒரு கன்வெர்ட்டரும் உண்டு. கிளட்ச், கியர், ஆயில் மாற்றும் வேலை எதுவும் கிடையாது.

ஆனால் பின்சக்கரம் முன்பைவிட கனமாகிவிடும். பள்ளத்தில் இறங்கினால் குலுங்கல் அதிகம் தெரியும். பழைய ஷாக் அப்சர்பரும் பிரேக்கும் நல்ல நிலையில் இல்லாவிட்டால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும்.

எவ்வளவு செலவு?

மகாராஷ்டிர மாநிலம் தானேயைச் சேர்ந்த 'கோகோஏ1' என்ற நிறுவனம், ஸ்பிளெண்டர் பைக்குக்கு ஆர்.டி.ஓ. அனுமதி பெற்ற கிட்டை 2021-ல் அறிமுகம் செய்தது. கிட் விலை ரூ.35 ஆயிரம். பேட்டரி, வரி எல்லாம் சேர்த்து சுமார் ரூ.95 ஆயிரம் வந்தது. முழு சார்ஜில் 151 கிலோமீட்டர் ஓடும் என்று நிறுவனம் கூறியது. இது நிதானமான வேகத்தில், தனியாக ஓட்டும்போது கிடைக்கும் கணக்கு. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வேகமாக போனால் கணிசமாக குறைந்துவிடும். பேட்டரிக்கு வயது ஏற ஏறவும் தூரம் குறையும்.

யாருக்கு லாபம்?

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 50 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பேட்டரி பைக்குக்கு 100 கிலோமீட்டருக்கு சுமார் மூன்றரை யூனிட் கரண்ட் தேவைப்படும். யூனிட்டுக்கு ரூ.7 என்று கணக்கு போட்டால்:

* தினமும் 60 கி.மீ., மாதம் 25 நாள் ஓட்டுபவருக்கு பெட்ரோல் செலவு ரூ.3 ஆயிரம். கரண்ட் செலவு ரூ.400-க்குள். மாதம் ரூ.2,600 மிச்சம். 3 வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

* தினமும் 15 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சமாவது மாதம் சுமார் ரூ.660 தான். போட்ட காசை எடுக்கவே 12 வருடம் ஆகும். அதற்குள் பேட்டரியே மாற்ற வேண்டி வரலாம்.

ஒரு லட்ச ரூபாயை ஒட்டி வாரண்டியோடு புது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரே கிடைப்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், வீட்டு கரண்ட் பில். 60 கி.மீ. ஓட்டுபவருக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்கு மேல் கூடும். ஏற்கனவே 450 யூனிட் வரை ஓடும் வீடாக இருந்தால், 500 யூனிட்டை தாண்டி கட்டண விகிதமே மாறிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு, அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் வண்டியை பேட்டரிக்கு மாற்ற அனுமதிக்கிறது. அந்த கிட் 'ஏ.ஐ.எஸ்.-123' தரத்தின்படி பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். இப்படி சோதனை செய்யும் மையங்கள் புனே, மானேசர் ஆகிய ஊர்களிலும், நம்ம ஒரகடத்திலும் உள்ளன. ஒரு மாடலுக்கு அனுமதி வாங்கிய கிட்டை வேறு மாடல் பைக்கில் மாட்டக்கூடாது.

மாற்றிய 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் எரிபொருள் விவரத்தை மாற்ற வேண்டும். பச்சை நம்பர் பிளேட்டும் போட வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றினால் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்து, ரோட்டில் பேட்டரியில் ஓடினால் விபத்து நேரத்தில் இழப்பீடு சிக்கலாகிவிடும்.

"ரிஜிஸ்ட்ரேஷனே வேண்டாம் சார்" என்று யாராவது சொன்னால் உஷார்! அந்த சலுகை 250 வாட்டுக்கும், 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட சின்ன வண்டிகளுக்கு மட்டும்தான். பைக்கில் மாட்டும் மோட்டார் இதைவிட பல மடங்கு பெரியது.

வண்டி வாங்கி 15 வருடம் நெருங்குகிறதா என்பதையும் பாருங்க. ஆர்.சி.யை புதுப்பிக்க எப்.சி. காட்ட வேண்டும். சேஸ் துருப்பிடித்துப் போயிருந்தால் கிட் மாட்டியும் பயன் இல்லை. பேட்டரி வண்டிகளுக்கு பதிவு, புதுப்பித்தல் கட்டணத்தில் இருந்து 2021-ல் மத்திய அரசு விலக்கு அளித்துள்ளது.

தூங்கும்போது சார்ஜ் வேண்டாம்

2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி பைக் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பிராண்ட் தெரியாத மலிவு பேட்டரியை மாட்டவே கூடாது. அதன் செல்களை கண்காணிக்கும் 'பி.எம்.எஸ்.' கருவி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். எர்த் உள்ள பிளக்கில், வாசல் வழியை மறைக்காமல், கண்விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுவதே நல்லது. வெயிலில் ஓட்டி வந்த வண்டியை சூடு ஆறிய பிறகே சார்ஜில் போட வேண்டும்.

கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "உங்க கிட்டுக்கு அங்கீகார சான்றிதழ் இருக்கா? என் பைக் மாடல் அதுல இருக்கா?" என்று கேளுங்க. பேப்பரை காட்டாமல் பேச்சை மாற்றினால், வண்டியை திருப்பிக்கொண்டு வந்துவிடுவதே புத்திசாலித்தனம்.