சினை மாடு கன்று ஈனும் நேரம்: காத்திருப்பது எதுவரை? மருத்துவரை அழைப்பது எப்போது?

இரண்டு, மூன்று கலப்பினக் கறவை மாடுகளை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, மாடு கன்று ஈனும் நாள் மிக முக்கியமானது. அந்த ஈற்றின் பால் வருமானம் முழுவதும் அன்று நடப்பதைப் பொறுத்தே அமைகிறது. அன்று இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. வலி எடுத்ததுமே அவசரப்பட்டுக் கன்றைப் பிடித்து இழுப்பது ஒன்று. கன்று சிக்கிக்கொண்ட பிறகும் ‘தானாகப் போட்டுவிடும்’ என்று விடியும்வரை காத்திருப்பது மற்றொன்று. அறிகுறிகளை வரிசையாகக் கவனித்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

தேதியைக் குறித்து வையுங்கள்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்கள். அதாவது 9 மாதம் 10 நாள். எருமைக்கு 310 நாள்கள். ஜனவரி 1-ல் சினை ஊசி போட்ட பசு அக்டோபர் 10 வாக்கில் ஈனும். ஒரு வாரம் முன்பின் ஆகலாம். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் மாட்டைத் தொலைவுக்கு மேய்ச்சலுக்கு ஓட்டாமல், வழுக்காத தரையில் காய்ந்த வைக்கோல் பரப்பித் தனியாகக் கட்டுவது நல்லது.

நாள் நெருங்கும்போது

முதலில் மடி இறங்கும். கிடேரிகளில் இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே மடி பெருக்கத் தொடங்கும். பலமுறை ஈன்ற பசுக்களில் கடைசிச் சில நாள்களில்தான் தெரியும். சில மாடுகளில் காம்பிலிருந்து பால் கசியும். அதைக் கறந்துவிடக் கூடாது. கன்றுக்குச் சேர வேண்டிய சீம்பால் அது.

மடியைவிட நம்பகமான அறிகுறி வால் அடியில் இருக்கிறது. வாலின் இருபுறமும் விறைப்பாக இருந்த தசைநார்கள் தளர்ந்து குழி விழும். தினமும் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். முழுவதும் தளர்ந்துவிட்டால், பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈன்றுவிடும். பிறப்புறுப்பு வீங்கித் தளர்ந்து, கெட்டியான சளி போன்ற திரவம் கயிறாகத் தொங்கும். ஈனுவதற்கு முந்தைய நாள் உடல் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி பாரன்ஹீட் குறையும். ஒருமுறை அளந்தால் இது தெரியாது. தினமும் காலை, மாலை ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட வேண்டும்.

வலி தொடங்கியதும்

மாடு தீவனத்தை விடும். படுக்கும், எழும். வாலைத் தூக்கி, அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிக்கும். வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், உதைக்கும். கருப்பை வாய் திறக்கும் நேரம் இது. இதற்கு 2 முதல் 6 மணி நேரம் ஆகும். கிடேரிகளுக்கு 12 மணி நேரம்கூட ஆகலாம். இந்தக் கட்டத்தில் கை விடுவதோ, கூட்டம் கூடுவதோ கூடாது. தொலைவில் நின்று கவனித்தால் போதும்.

பனிக்குடம் வெளியே தெரிந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். நன்றாக முக்கும் பசு ஒரு மணி நேரத்துக்குள்ளும், கிடேரி இரண்டு மணி நேரத்துக்குள்ளும் ஈன வேண்டும். குளம்பின் அடிப்பகுதி தரையைப் பார்த்தபடி இரு முன்னங்கால்கள், அவற்றின் மீது மூக்கு எனக் கன்று வந்தால் அது இயல்பான நிலை.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய நிலைகள்:

* பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லாதது
* ஒரு கால், தலை அல்லது வால் மட்டும் தெரிவது
* குளம்பின் அடிப்பகுதி மேல்நோக்கி இருப்பது. இது பெரும்பாலும் பின்னங்காலாக இருக்கும்
* வலி தொடங்கி 12 மணி நேரம் கடந்தும் பனிக்குடம் தெரியாதது
* ஈனும் முன்போ பின்போ மாடு எழ முடியாமல், காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுப்பது

கடைசியாகச் சொன்னது பால் காய்ச்சலின் அறிகுறி. அதிகம் கறக்கும் மாடுகளில், மூன்றாம் ஈற்றிலிருந்து இது கூடுதலாக வரும். வாய்வழியே மருந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கால்சியம் மருந்தை மருத்துவர்தான் ரத்த நாளத்தில் செலுத்த வேண்டும்.

கன்று விழுந்த பிறகு

மூக்கு, வாயிலுள்ள சளியைத் துடைத்து, தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவுங்கள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகே சீம்பால் கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அது கன்றுக்குக் கேடு. சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் கன்றின் குடல் உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைகிறது. எனவே முதல் ஒரு மணி நேரத்திலேயே ஊட்டத் தொடங்குங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் நாளில் தேவை. கன்று முட்டிக் குடித்தால் நஞ்சுக்கொடி விழுவதற்கும் அது உதவும்.

நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் கல் கட்டித் தொங்கவிடுவதோ, இழுப்பதோ கூடாது, மருத்துவரை அழையுங்கள். விழுந்ததை வெறும் கையால் தொடாமல், நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

இரவில் அவசரம் என்றால் யார் வருவார் என்பதைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்பே கேட்டு வையுங்கள். அந்த எண்ணையும், கால்நடை ஆம்புலன்ஸ் சேவையின் 1962 என்ற எண்ணையும் கொட்டகைச் சுவரில் எழுதுங்கள். அதன் கீழே சினை ஊசி போட்ட தேதி, பனிக்குடம் தெரிந்த நேரம் ஆகியவற்றையும் குறித்துவிட்டால், மருத்துவர் போனில் கேட்கும் கேள்விகளுக்கு வீட்டில் யாரும் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.