விறகு விலைக்குப் போகுது தேக்கு ஊஞ்சல்! பழைய மரச் சாமானை விக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

காரைக்குடி: "பழைய கட்டில் இருக்கா, பெட்டி இருக்கா, ஊஞ்சல் பலகை இருக்கா..." வீட்டை இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா போதும், மினி லாரியோட வாசல்ல ஆள் வந்து நிற்கும். "எல்லாத்தையும் சேர்த்து ஒரு ரேட்டு" என்பார்கள். இடம் காலியானா சரின்னு நாமும் தலையாட்டி விடுகிறோம். தாத்தா காலத்து தேக்கு, விறகு விலைக்குப் போய்விடுகிறது. அதே பலகை பாலிஷ் போட்டு கடைக்கு வந்த பிறகு விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

செட்டிநாட்டுப் பக்கம் இந்த ஏமாற்றம் அதிகம். நகரத்தார்கள் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பல் கப்பலாகத் தேக்கு இங்கே வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தத் தொழில் ஆட்டம் கண்டது. பங்கு பிரித்து இடிக்கப்பட்ட பல வீடுகளின் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. பெரிய வீட்டில்தான் நல்ல மரம் இருக்கும் என்று இல்லை. உங்க வீட்டு அரிசிப் பெட்டியும் நல்ல மரமாக இருக்கலாம்.

என்ன மரம்?

மேல்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. அங்கே பாலிஷ் இருக்கும். சாமானைக் கவிழ்த்து அடிப்பக்கம், டிராயரின் உள்பக்கம் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத மூலையில் பிளேடால் லேசாகச் சுரண்டுங்க.

தேக்கு: பொன் கலந்த பழுப்பு நிறம். தொட்டால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தோல் வாசனை அடிக்கும். நன்றாகக் காய்ந்த மரம் ஒரு கன அடி சுமார் 18 கிலோ.

ஈட்டி (தோதகத்தி): ஊதா கலந்த கரும்பழுப்பு, நடுவே கறுப்புக் கோடுகள். தேக்கை விட கனம். ஒரு கன அடி சுமார் 24 கிலோ.

பலா: புதுசில் மஞ்சள். நாளாக நாளாக செம்பு நிறமாகி, தேக்கு மாதிரியே தெரியும். சுரண்டினால் உள்ளே மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

கருங்காலி: நல்ல கறுப்பு, இரும்பு மாதிரி கனம். துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும்.

பலகையின் ஓரத்தையும் பாருங்க. மேலே ஓடும் ரேகை, வெட்டு முனையிலும் தொடர்ந்தால் முழு மரம். அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்டில் மெல்லிசா மரத்தோல் ஒட்டியது.

வயசு எவ்வளவு?

அந்தக் காலத்துத் தச்சர்கள் ஒரு சட்டத்தில் துளை போட்டு, இன்னொன்றின் நாக்கைச் செருகி, மர ஆணி அடித்து இறுக்குவார்கள். கையால் இழைத்த பலகையின் அடியில் விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியும். நட்சத்திரத் தலை ஸ்குரூ 1930-களில்தான் வந்தது. அது இருந்தால் சாமான் அதற்குப் பிந்தியது, இல்லையென்றால் ரிப்பேர் பார்த்தது.

தேய்மானமும் பேசும். கை படும் இடம், கால் படும் இடம்தான் தேயும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருந்தா, புதுசைப் பழசாக்கிய வேலை!

கணக்கு இப்படித்தான்

நீளத்தை அடியில் அளங்க. அகலம், கனம் இரண்டையும் அங்குலத்தில் அளங்க. மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 24 அங்குல அகலம், 2 அங்குல கனம் உள்ள ஊஞ்சல் பலகை என்றால் 2 கன அடி. மரக்கடையில் அன்றைய கன அடி விலையைக் கேட்டுப் பெருக்கினால், வெறும் மரத்தின் மதிப்பு கையில் வந்துவிடும். இத்தனை அகலத்தில் ஒரே பலகை என்றால் அதற்குத் தனி மவுசு. செதுக்கு வேலை, பித்தளைப் பூண், பழைய பூட்டு, அசல் சங்கிலி இருந்தால் அதற்கும் தனி விலை. சங்கிலியைத் தனியா, பலகையைத் தனியா வித்துடாதீங்க.

அதே நேரம் குறையும் பாருங்க. தட்டினால் பொத்துன்னு சத்தம் கேட்டு மாவு கொட்டினால் உளுத்த மரம். விலை இறங்கத்தான் செய்யும்.

இதைச் செய்யாதீங்க

விற்கிறதுக்கு முன் பெயின்ட் அடிக்காதீங்க, இழைக்காதீங்க. பழைய மெருகு போனால் பாதி மதிப்பு போச்சு. தூசி தட்டி, காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வாங்குறவங்களும் உஷாரா இருங்க. பர்மா தேக்கும் நம்ம நாட்டுத் தேக்கும் ஒரே இன மரம்தான். வெறும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். "பர்மா"ன்னு சொன்னதுக்காக கூடுதல் பணம் கொடுக்காதீங்க.

100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. "ஃபாரின் பார்ட்டி ரெடி"ன்னு யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிக்கோங்க.

அடுத்த முறை வாசலில் குரல் கேட்டால், அவசரப்பட்டு விலை பேசாதீங்க. முதலில் டேப்பை எடுத்து அளங்க. தெரிந்த தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. ரெண்டு மூணு பேரிடம் விலை கேளுங்க. தாத்தா சேர்த்து வைத்தது, ஒரு நாள் அவசரத்தில் அடுப்பு விறகாகப் போக வேண்டாமே!