‘இந்த வேலைக்கு எனக்குத் தகுதி இருக்கிறதா?’ – மென்பொருள் துறையில் புதிதாகச் சேர்ந்தோருக்கு

வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன. கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவதில் பாதி புரியவில்லை. ‘ஏதோ அதிர்ஷ்டத்தால் இந்த வேலை கிடைத்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒருநாள் வெளிப்பட்டுவிடும்’ என்று அஞ்சுகிறீர்களா?

இந்த உணர்வை ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்பர். அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் இருவரும் 1978ல் இதை விவரித்தனர். படிப்பிலும் பணியிலும் சிறந்து விளங்கிய பெண்களிடம் அவர்கள் இதைக் கண்டனர். ஆண்களுக்கும் இது ஏற்படுகிறது. இது மனநோய் அன்று. எனினும், தொடர்ந்து நீடித்தால் மனநலத்தைப் பாதிக்கலாம்.

இத்துறையில் ஏன் ஏற்படுகிறது?

• நிரல் மொழிகளும் கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அனைத்தையும் அறிந்தவர் எவரும் இல்லை.

• நீங்கள் எழுதும் நிரலைச் சக ஊழியர்கள் சரிபார்த்துக் கருத்துரைப்பார்கள். அனுபவசாலிகளின் நிரலும் அவ்வாறே சரிபார்க்கப்படுகிறது. அது நிரலைப் பற்றிய கருத்து. உங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று.

• வேறு துறையிலிருந்து பயிற்சி பெற்று வந்தவர்கள், கணினியியல் பட்டதாரிகளுடன் தங்களை ஒப்பிட்டுக்கொள்ளக்கூடும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

தெரியாததை மறைக்க, கேள்வி கேட்காமல் இருப்பது. நள்ளிரவு வரை தனியாகப் போராடுவது. பாராட்டை ஏற்க மறுப்பது. வேலை நன்றாக முடிந்தாலும், ‘இவ்வளவு நேரம் உழைத்ததால்தான் தப்பித்தேன்’ என்றே தோன்றும். அதனால் அடுத்த வேலையிலும் அதே அச்சம் தொடரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• கேள்வி கேளுங்கள். ஒரு பிழையில் 30 நிமிடங்களுக்கு மேல் சிக்கியிருந்தால் உதவி கேளுங்கள். என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எவற்றை முயன்றீர்கள் என்று சொல்லுங்கள்.

• எதிர்பார்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் 3 மாதங்களில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். பத்தாண்டு அனுபவமுள்ளவருடன் உங்களை ஒப்பிடாதீர்கள்.

• எழுதி வையுங்கள். அந்த வாரம் சரிசெய்த பிழை, புதிதாகக் கற்றது ஆகியவற்றை வெள்ளிக்கிழமைதோறும் குறித்து வையுங்கள். மனம் தளரும்போது படித்துப் பாருங்கள்.

• உணர்வையும் உண்மையையும் பிரித்துப் பாருங்கள். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்பது உணர்வு. ‘தரவுத்தளம் பற்றி இன்னும் கற்கவேண்டும்’ என்பது உண்மை. கற்கவேண்டியது இருப்பதால் நீங்கள் போலி ஆகிவிடமாட்டீர்கள்.

• ஓய்வு எடுங்கள். போதிய உறக்கம் இல்லாவிட்டால் பிழைகளைக் கண்டுபிடிப்பதும் கடினமாகும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

‘நல்ல வேலை, நல்ல சம்பளம், இன்னும் என்ன கவலை?’ என்று கேட்டால், அவர் மேற்கொண்டு பேசத் தயங்கலாம். அறிவுரை கூறுமுன் அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

எப்போது உதவி நாடவேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, பசியின்மை, வேலைக்குச் செல்லப் பயம், நம்பிக்கையின்மை ஆகியவை நீடித்தால், உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.

• தேசிய மைண்ட்லைன்: 1771 (24 மணி நேரம்)
• மனநலக் கழகம்: 6389 2222 (24 மணி நேரம்)
• உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம்: 1767 (24 மணி நேரம்)
• உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால்: 995

உதவி கேட்பது பலவீனம் அன்று. தயங்காமல் பேசுங்கள்.